வரப்பில் நின்று பார்த்த கோதுமை

ஒரு மலைக்காட்டில் விலங்குகள் எல்லாம் கோதுமை பயிரிட்டு வாழ்ந்தன. ஒருமுறை மயில் எங்கிருந்தோ ஒரு புதிய விதையைக் கொண்டு வந்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிய விதையை ஆற்றங்கரையில் ஒரு துண்டு, மலைமேல் ஒரு துண்டு என்று, பழைய விதைக்குப் பக்கத்திலேயே விதைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் தேறினால்தான் எல்லோருக்கும்.

ஆற்றங்கரையில் புதிய கோதுமை அமோகமாக விளைந்துவிட்டது. இனி மலைதான் பாக்கி.

அன்று கரடித் தலைவர் மலையேறி வந்து வரப்பில் நின்றார். ஓரத்துக் கதிர்கள் கனத்து ஆடின.

"பார்த்தீங்களா தலைவரே! இனி அந்தப் பழைய விதை எதுக்கு? தின்னு தீர்த்துடலாம்!" என்று மயில் தோகையை விரித்தது.

பழைய விதை இருந்த மரப்பொந்தின் முன்னால் காட்டுப்பன்றிகள் ஏற்கெனவே வரிசையில் நின்றன. தலைவர் ஓர் உறுமல் உறுமினால் போதும், பொந்து காலி!

மலையில் வாழ்ந்த பஞ்சி என்ற வெள்ளை முயல் தலைவர் முன்னால் வந்து நின்றது. அதற்கு ஐந்து குட்டிகள். கோதுமையை விட்டால் மலையில் வேறு சோறு கிடையாது.

"தலைவரே, நடுவுல போய்ப் பார்த்தீங்களா?" என்று அது கேட்டது.

"நடுவுல போனா பயிர் மிதிபடும்! சோதனைப் பயிரை மிதிச்சா காட்டை விட்டே துரத்திடுவாங்க, தெரியுமில்ல?" என்று மயில் சீறியது.

கேள்வி கேட்டால் சட்டம் பேசுவது மயிலுக்குக் கைவந்த கலை!

கரடித் தலைவர் உறுமுவதற்காக மூச்சை இழுத்தார். பஞ்சி பயிருக்குள் பாய்ந்தது.

"பிடிங்க அவளை!" என்று மயில் அலறியது.

உள்ளே மலைப்பனி காயாமல் ஒரே ஈரம். வெயிலும் காற்றும் வரப்போரத்தோடு நின்றுவிட்டிருந்தன. பஞ்சி ஒரு கதிரைக் கடித்தது. பதர். இன்னொன்றைக் கடித்தது. அதுவும் பதர். குட்டிகளை நினைத்ததும் அதற்கு அழுகை முட்டியது.

அது வெளியே வந்து நின்றதும், "எங்க அம்மா எங்கே?" என்று அதன் குட்டிகளே கேட்டன. வெள்ளை முயல் செங்கல் நிறத்தில் நின்றது!

கரடித் தலைவர் அதன் முதுகைத் தடவினார். கை முழுக்கச் செம்பொடி. பயிரைத் தின்னும் துரு நோய்!

"பனி காயாத இடத்துல இந்தப் பயிர் பிழைக்காது தலைவரே! ஓரத்துல காத்து அடிக்குது, அதான் நல்லா இருக்கு. பழைய விதையைத் தின்னுட்டா மலையில நாங்க ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டோம். இப்ப என்னைத் துரத்துங்க, போறேன்!"

தலைவர் பக்கத்துப் பழைய பயிருக்குள் தானே இறங்கி நடந்தார். அவர் மேல் ஒரு பொடிகூட ஒட்டவில்லை. இழுத்து வைத்திருந்த உறுமலை மயிலின் பக்கம் திருப்பினார்.

"நீ ஒரு நாளாவது உள்ளே போனியா?"

"தோகை நனைஞ்சிடுமேன்னு..." மயில் தலை குனிந்தது.

புதிய விதை ஆற்றங்கரைக்கு, பழைய விதை மலைக்கு என்று முடிவானது. பன்றிகள் வெறும் வயிற்றோடு வீடு திரும்பின. பஞ்சியை யாரும் துரத்தவில்லை.

ஓரத்தில் நின்று பார்த்ததை நம்பி ஊருக்கே முடிவு சொல்பவர், உள்ளே வாழ்பவரைப் பட்டினி போட்டுவிடுவார்.