ராசாவின் பல்லக்கும் ஈச்சங்காட்டுப் பள்ளிக்கூடமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மேகவதி நாட்டை விசயகண்டன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்ல மனுசன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சுதான் அவனுக்கு வேதவாக்கு.

ஒரு பண்டிதர் வந்து, "பிள்ளைகளுக்கு முதலில் எழுத்துதான்" என்றார். நாடெங்கும் எழுத்து. அடுத்து பக்கத்து நாட்டு ராசா, "எங்கள் பிள்ளைகள் கணக்கில் புலி" என்று பீற்றிக்கொண்டான். உடனே எழுத்தை நிறுத்து, கணக்கை ஆரம்பி. அது பாதியில் இருக்கும்போதே, இனிமேல் நட்சத்திரப் பாடம்தான் என்று இன்னொரு உத்தரவு. எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தியவர் கல்வி மந்திரி வித்தகராயர். தலைநகரை விட்டு வெளியே கால் வைக்காத மகான்.

நாட்டின் கடைக்கோடியில் ஈச்சங்காடு. அங்கே பள்ளிக்கூடத்துக்கு மருதையன் தலைமை வாத்தியார். தலைமை என்று பேர்தான், அவருக்குக் கீழே வேறு வாத்தியார் கிடையாது. உத்தரவு வரும், சுவடி வராது. சுவடி வரும்போது பாடம் மாறியிருக்கும். நட்சத்திரப் பாடத்தை அவரே படித்ததில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

"மறுபடி முதல்லேருந்தா, ஐயா?" என்று பிள்ளைகள் கேட்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒவ்வொருவராக ஆடு மேய்க்கப் போனார்கள். வெள்ளையம்மாள் என்கிற பெண், எழுத்துக் கூட்டி வாசிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தவள், அவளும் போய்விட்டாள். அன்றைக்கு வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் வித்தகராயரின் ஆள் சோதனைக்கு வந்தான். மிச்சமிருந்த பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். பள்ளியை இழுத்து மூடிவிடலாம் என்று அவன் சொல்லிவிட்டான். மருதையனைச் சபைக்குக் கூட்டிவந்தார்கள்.

"மகாராசா, தேனாகப் பாடம் கொடுத்தோம். இந்த ஆளுக்கு ஊட்டத் தெரியவில்லை" என்றார் வித்தகராயர். "கெட்டிக்காரன் கையில் கொடுத்தால் எந்த உத்தரவும் நடக்கும்!"

மருதையன் கைகூப்பினார். "மகாராசா இப்போ தேர் பார்க்கக் கோயிலுக்குக் கிளம்புறீங்க. பல்லக்கை மந்திரி ஐயாவே நடத்தட்டும். எனக்கு உத்தரவு வந்த மாதிரியே நான் அவருக்கு உத்தரவு கொடுக்கிறேன். தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள கோயில் போய்ச் சேர்ந்துட்டா, பள்ளியை மூடிடுங்க."

ராசாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "நடக்கட்டும்!" என்று ஏறி உட்கார்ந்தான்.

பல்லக்கு கிழக்கு வீதியில் பாதி தூரம் போனது. "நிறுத்துங்க! மேற்கு வீதிதான் நல்லதாம். அரண்மனை வாசலுக்குத் திரும்பி, முதல்லேருந்து கிளம்புங்க" என்றார் மருதையன். திரும்பினார்கள். மேற்கு வீதியில் கோபுரம் கண்ணில் பட்ட நேரம், "நிறுத்துங்க! தெற்கு வீதி. வாசல்லேருந்து!" தெற்கு வீதி எங்கே போய் முடிகிறதென்று யாருக்கும் தெரியாது. வித்தகராயர் ஓடி ஓடி வழி விசாரித்ததில் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்கியது. அதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்ட வேட்டுச் சத்தம் கேட்டது. தூக்கிகள் பல்லக்கை இறக்கிவைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

"எங்கேடா போறீங்க?" என்று ராசா கத்தினான்.

"வயக்காட்டுக்குச் சாமி. அங்க உழுதா, உழுத மாதிரியாச்சும் இருக்கும்."

மருதையன் சிரிக்கவில்லை. "என் பிள்ளைகளும் இப்படித்தான் போனாங்க, மகாராசா. அவங்க சோம்பேறிங்க இல்லை."

ராசாவுக்கு முகம் செத்துவிட்டது. வித்தகராயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீர் ஈச்சங்காட்டுக்குப் போய் அந்த நட்சத்திரப் பாடத்தை நடத்திக் காட்டும்" என்று அவர் வாயை அடைத்தான். தொடங்கிய பாடம் முடிகிறவரை மாறாது, வாத்தியார்களைக் கேட்காமல் இனி மாற்றமும் கிடையாது என்று அங்கேயே அறிவித்தான். "உமக்கு என்ன வேண்டும், வாத்தியாரே?"

"நீங்களே வந்து பிள்ளைகளைக் கூப்பிடணும். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் பேச்சுக்கு மதிப்பில்லாமப் போச்சு."

ராசா போனான். சின்னப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். வெள்ளையம்மாள் கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவையாச்சும் முடிப்பீங்களா, சாமி?"

"முடிப்போம், தாயி. சத்தியம்."

"அப்ப என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு அடுத்த மாசம் கலியாணம்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்துகொண்டாள். மருதையன் வரப்பிலேயே நின்று அழுதார்.

பள்ளிக்கூடம் பிழைத்தது. ராசா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளையம்மாள் மட்டும் சாகிறவரை கைநாட்டுதான்.