ஃபீவர் லெட்டரில் குடியிருந்த எட்டுப் பேர்

ஒரு நோட்டு இருந்தது. எண்பது பக்கம், கோடு போட்டது, அட்டையில் சாம்பார்க் கறை. அந்த நோட்டுக்குள் எட்டுப் பேர் குடித்தனம் நடத்தினார்கள். இங்கிலீஷில் இருக்கிற அத்தனை வார்த்தைகளும் இந்த எட்டு வீட்டில் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்தாம்.

எட்டுப் பேர் என்றால் சண்டை இல்லாமல் இருக்குமா? விடிந்தால் சண்டை.

"ஆளு, ஊரு, பொருளு, எதுவானாலும் என் பேரைச் சொன்னால்தான் உண்டு" என்று மீசையை முறுக்குவார் நவுன். பெயர்ச்சொல் என்று நாம் படித்தோமே, அவரேதான். அவர் எழுந்து போனால் அதே நாற்காலியில் வந்து உட்காருகிறவன் புரோநவுன். அவன், அவள், அது, நான், நீ என்று யாருக்கு வேண்டுமானாலும் ஆள்மாறாட்டம் செய்வான்.

"பேரை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கிறதா? ஓடுறது, எழுதுறது, விழுறது எல்லாம் நான்தானே?" என்பாள் வெர்ப். அவள்தான் வினைச்சொல். அந்த வீட்டில் வேலை பார்க்கிற ஒரே ஆள் அவள். அதனால் வாயும் கொஞ்சம் அதிகம்.

"வேகமா ஓடு! மெதுவா எழுது! இப்பவே போ!" என்று அவள் பின்னாலேயே நின்று விரட்டுவான் அட்வெர்ப். ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டான். எப்படி, எப்போது என்று சொல்வது மட்டும்தான் அவன் வேலை. அவன் அக்கா அட்ஜெக்டிவ், நவுனுக்குப் பவுடர் பூசிவிடுகிறவள். அழகான, பெரிய, பழைய என்று எதையாவது அவர் தலையில் சூட்டாமல் வெளியே அனுப்ப மாட்டாள்.

வாசலில் நிற்கிற குள்ளன் பிரிப்போசிஷன். உள்ளே, மேலே, கீழே என்று யார் எங்கே இருக்கிறார் என்று காட்டுகிறவன். எந்த இரண்டு பேரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துச் சேர்த்துவைப்பாள் கன்ஜங்ஷன். கல்யாணத் தரகர்கூட அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

கடைசியில் ஒருத்தன். இன்டர்ஜெக்ஷன். வியப்பு, பயம், சந்தோஷம் வந்தால் கத்துகிறவன். பாடப் புத்தகத்தில் அவனுக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு 'அலாஸ்!', 'ஹுர்ரே!' என்று மட்டும் சொல்ல வேண்டும். நம் ஊரில் எவன் வாயில் அலாஸ் வரும்? பாவம், அந்தக் கோட்டுக்குள் அவனுக்கே வேர்த்தது. "நீ லெட்டருக்கெல்லாம் ஆக மாட்டே. போய்க் கடைசிப் பக்கத்துல உக்காரு" என்று மற்ற ஏழு பேரும் அவனைத் தள்ளிவைத்திருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஏழு பேருக்கும் ஒற்றுமை. அதுதான் ஃபீவர் லெட்டர். "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..." நீங்களும் நானும் எழுதினோமே, அதே லெட்டர். மாமனுக்குக் கல்யாணம் என்றாலும் ஃபீவர், ஆடு குட்டி போட்டாலும் ஃபீவர். ஆறாம் வகுப்பில் மனப்பாடம் ஆனது, ஆயுசுக்கும் மறக்காது. "நம்ம வரிசையில ஒரு ஆள் இடம் மாறினதுண்டா? சிவப்பு மை பட்டதுண்டா?" என்று நவுன் பெருமை அடித்துக்கொள்வார். மற்றவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

நோட்டுக்குச் சொந்தக்காரி கோகிலவாணி. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டாம் மாடியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் கிளாஸுக்குப் போய், கற்றதை இந்த நோட்டில் எழுதுவாள். தினமும் சாப்பாட்டுப் பையோடு நோட்டும் கம்பெனிக்கு வரும். அவள் அக்கா செண்பகவடிவு அதே கம்பெனியில் நாலாம் மாடியில், கட்டிங் பிரிவில். அக்காவுக்கு ஏழு மாதம். படி ஏறக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருந்தாள். அதனால் சரக்கு லிஃப்ட்டில்தான் ஏறுவாள், இறங்குவாள். சரக்குக்கு மட்டும் என்று போர்டு தொங்கியது. ஒரு மணி அடித்தால் கட்டிங் பெண்கள் பதினேழு பேரும் அந்தப் போர்டுக்குக் கீழேதான் முண்டியடித்து ஏறுவார்கள்.

அன்றைக்குப் பன்னிரண்டே முக்கால். லிஃப்ட் கீழே போயிருந்தது. கம்பிக் கதவை ஒட்டி அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கோகிலாவின் கையில் ஏதோ சுருக்கென்று குத்தியது. இரும்பு இழை. நிமிர்ந்து பார்த்தாள். லிஃப்ட்டைத் தாங்குகிற இரும்புக் கயிறு, பிரித்துப் போட்ட சடை மாதிரி புரி புரியாக அவிழ்ந்து நின்றது.

லிஃப்ட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆப்பரேட்டர் கனகராசு. அவர் சாவியைத் திருகினால் லிஃப்ட் நின்றுவிடும்.

"அண்ணா, கயிறு அத்துட்டு நிக்குதுங்கண்ணா! லிஃப்ட்ட நிறுத்துங்க!"

கனகராசு எட்டிப் பார்த்தார். "கிரீஸு காஞ்சா அப்பிடித்தான் அம்மிணி தெரியும். போன தடவ நானா நிறுத்துனதுக்கு மெமோ குடுத்துப்போட்டாங்க. மேனேஜரு ஒரு வார்த்த சொல்லட்டும், இந்தச் செகண்டே சாவியத் திருகறேன்."

கோகிலா படிக்கட்டைப் பார்த்தாள். ஓடினால் அக்காவை மட்டும் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். மற்ற பதினாறு பேர்? போகிறபோக்கில் கயிறு அறுந்தது என்று சொன்னால், பசியில் நிற்கிறவர்கள் கேட்பார்களா?

மேனேஜர் ஊருக்கு வந்து நாலு மாதம். பேர் குல்கர்னி. தமிழில் அவருக்குத் தெரிந்தது 'சாப்டாச்சா' மட்டும். வழக்கமாக அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற சூப்பர்வைசர் அன்றைக்குப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போய்விட்டார். எதுவானாலும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால், அதே மாடியில் இருந்த மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் ஆபீஸ் பியூன் கொண்டுபோவார். அதுதான் அங்கே நடைமுறை. மேனேஜரோ அப்போது வெளிநாட்டுக்காரர்களோடு கம்ப்யூட்டரில் மீட்டிங்கில் இருந்தார்.

கோகிலா நோட்டைப் பிரித்து ஒரு தாளைக் கிழித்தாள்.

"வாங்க வாங்க, லெட்டர்!" என்றார் நவுன். ஏழு பேரும் அடித்துப்பிடித்து ஓடிவந்து, பழகிய இடத்தில் பழகிய மாதிரி நின்றுகொண்டார்கள்.

"என்ன விஷயமாம்?" என்று கேட்டாள் வெர்ப்.

"விஷயம் நமக்கெதுக்கு? நம்ம வரிசை நமக்கு" என்றார் நவுன்.

கடைசிப் பக்கத்திலிருந்து இன்டர்ஜெக்ஷன் எட்டிப் பார்த்தான். "அவ முகத்தப் பாருங்க. இது அந்த லெட்டர் இல்லீங்க!"

"ஏய், உக்காருடா!"

பயத்தில் மூளை நின்றுவிட்டால் கை மட்டும் தனியாக ஓடும். கோகிலாவின் கை ஓடியது. மனசு முழுக்க லிஃப்ட், லிஃப்ட் என்று அடித்துக்கொள்ள, தான் லிஃப்ட்டைத்தான் எழுதுகிறோம் என்றே அவள் நினைத்தாள். கடைசியில் 'தேங்கிங் யூ' போட்டதும் பியூன் ஆரோக்கியம் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

நாலே நிமிஷத்தில் தாள் திரும்பி வந்தது. பச்சை மையில் மேனேஜர் கையெழுத்து.

"ஓகே பண்ணிட்டாரு. கௌம்பு, போய் ரெஸ்ட் எடு" என்றார் ஆரோக்கியம்.

"எங்கண்ணா கெளம்பறது?"

"காய்ச்சல்னுதானே எழுதியிருக்கே?"

கோகிலா தாளைப் பார்த்தாள். ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு கம். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே. முத்து முத்தான எழுத்து. கமா விட்டுப்போகவில்லை, புள்ளி விட்டுப்போகவில்லை. லிஃப்ட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவளுக்கு அழக்கூட வரவில்லை.

தாளுக்குள் நின்ற ஏழு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்றடிக்க ஐந்து நிமிஷம்.

"என்ன காரியம் பண்ணிட்டோம்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் அட்ஜெக்டிவ்.

"ஒரு தப்புகூட இல்லையே" என்று முனகினார் நவுன். மீசை தொங்கிப்போயிருந்தது. "எல்லாரும் சரியாத்தானே நின்னோம்?"

"சரியா நின்னோம் சரி. அந்தப் புள்ளத்தாச்சி லிஃப்ட்ல ஏறப்போறாளே, அதுக்கு என்ன சொல்றீங்க?" வெர்ப் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அப்போது கடைசிப் பக்கத்திலிருந்து ஒருத்தன் பாய்ந்து வந்தான். கோட்டைக் கழற்றி வீசிவிட்டிருந்தான். அலாஸும் இல்லை, ஹுர்ரேயும் இல்லை. கோகிலா பிறந்ததிலிருந்து அவள் வாயில் இருந்த சத்தத்தோடு வந்தான்.

"ஐயோ!"

கோகிலா தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஏ, ஒய், ஒய், ஓ என்று பெரிய எழுத்தில் கிறுக்கினாள். அதன் பின்னால் எட்டுப் பேரும் வரிசையைப் பார்க்காமல் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு விழுந்தடித்து ஓடினார்கள்.

"நான் எங்க நிக்கணும்?" என்று பதறினான் பிரிப்போசிஷன்.

"கெடச்ச இடத்துல நில்லுடா! இப்பவே!" என்றான் அட்வெர்ப். முதல் தடவையாக அவனும் ஓடிக்கொண்டிருந்தான்.

ஐயோ சார்! பேட் ரோப். ரோப் கட். லிஃப்ட் ஃபால். மை அக்கா இன் லிஃப்ட் அண்ட் பீப்பிள். யூ கம். ஸ்டாப் நவ்!

கோணல் மாணலாக, பாதி எழுத்து கோட்டுக்கு மேலே, பாதி கீழே. ஆரோக்கியம் மறித்தார். "மீட்டிங் நடக்குது, உள்ள போகாதே!" கோகிலா அவர் கைக்குக் கீழே குனிந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், கம்ப்யூட்டருக்கும் மேனேஜர் முகத்துக்கும் நடுவில் அந்தத் தாளை நீட்டினாள். இரும்பு இழை குத்தின விரலிலிருந்து தாளின் ஓரத்தில் இரத்தம் ஒட்டியிருந்தது.

குல்கர்னி எரிச்சலோடுதான் பார்த்தார். கையில் பேனா, கையெழுத்துப் போடத் தயாராக. முதல் வார்த்தையைப் படித்தார். நாலு மாதமாக இந்த ஊரில் அந்தச் சத்தத்தை அவரும் கேட்டிருக்கிறார். விரல் நசுங்கியபோது கேட்டிருக்கிறார், சாவுச் செய்தி வந்தபோது கேட்டிருக்கிறார். அடுத்த வரியைப் படித்தாரோ இல்லையோ, நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து ஓடினார்.

மணி அடித்தது. மேலே கம்பிக் கதவு திறக்கிற சத்தம், பெண்கள் சிரிக்கிற சத்தம்.

"ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்திக்கொண்டே லிஃப்ட் வாசலுக்கு வந்தார் குல்கர்னி.

கனகராசு சாவியைத் திருகினார். நாலாம் மாடியில் நின்ற லிஃப்ட்டுக்குள் விளக்கு அணைந்ததும் ஒரே கூச்சல். "யாருடி அது, சோத்து நேரத்துல?" "கரண்டு போச்சுதாக்கும்." அதற்குள் கோகிலா இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டாள். "எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க! அக்கா, எறங்குக்கா!"

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். செண்பகவடிவுதான் கடைசி. இடுப்பில் கையை ஊன்றி, மெதுவாக ஒரு காலை வெளியே வைத்து, அடுத்த காலையும் வைத்தாள். "எதுக்குடி இப்பிடிக் கத்தறே?" என்று கேட்டாள்.

வெட்டின துணி மூட்டைகள் மட்டும் லிஃப்ட்டுக்குள் இருந்தன. கயிறு ஒரு தரம் கிறீச்சிட்டது. அப்புறம் லிஃப்ட் அங்கே இல்லை. அது நாலு மாடிக்குக் கீழே போய் விழுந்த சத்தத்தில் கட்டிடமே அதிர்ந்தது.

பதினேழு பெண்களும் அந்த வெற்றுக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கையிலிருந்த சோற்றுத் தூக்குப்போசி நழுவி, படியில் உருண்டு உருண்டு போனது. அது நிற்கிறவரை எல்லாரும் அதையே கேட்டார்கள். செண்பகவடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குல்கர்னி மேலே ஏறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கனகராசு ஸ்டூலை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்து, சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் கோகிலாவைப் பார்த்தார். எத்தனையோ சொல்ல வேண்டும் போலிருந்தது அவருக்கு. இங்கிலீஷ் வரவில்லை, அவர் ஊர்ப் பேச்சும் வரவில்லை.

"சாப்டாச்சா?" என்றார்.

கோகிலாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "இல்லீங் சார்" என்றாள். அந்த இடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அந்தத் தாள் மறுபடியும் நோட்டுக்குள் வந்து சேர்ந்தது. எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். இன்டர்ஜெக்ஷனை யாரும் கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொல்லவில்லை. கோட்டு எங்கே என்றும் கேட்கவில்லை.

நவுன் தாளை முன்பக்கம் திருப்பினார். பச்சை மையில் அழகான கையெழுத்து, கீழே தேதி. பின்பக்கம் திருப்பினார். அங்கே கையெழுத்து இல்லை. படிக்கிறபோது மேனேஜர் கையிலிருந்து நழுவிய பேனா, தாளின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நீளமாக ஒரு பச்சைக் கோடு கிழித்திருந்தது. அது கையெழுத்துப் போட நிற்காமல் எழுந்து ஓடின ஆளின் கோடு.