கழுத்தில் சாவி கட்டிய கரடி

கரடிக்குத் தேன்தான் உயிர் என்று உலகமே நம்புகிறது. குழந்தைகளே, இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை அல்ல. கரடிக்குப் பலாப்பழமும் உயிர். இதை அறியாமல் வளர்ந்தவர்கள் பின்னாளில் என்ன பாடுபடுகிறார்களோ!

ஒரு காட்டில் இதை நன்றாக அறிந்த மலையணில் ஒன்று இருந்தது. அது குடியிருந்த பலா மரத்தைக் கரடி விட்டுவைப்பதே இல்லை. மழைக்காலத்துக்குப் பலாக்கொட்டை சேர்க்காவிட்டால் அணிலின் குட்டிகளுக்குப் பட்டினிதான். ஆனால் கரடியை விரட்ட முடியுமா? அந்தக் காட்டை ஆண்டது விலங்குகளின் பொதுவுடைமைக் கட்சி. அதன் தலைவர் கரடி. இருந்தது ஒரே கட்சி என்பதால், யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் யாருக்கும் வந்ததில்லை.

அணில் பொதுக்கூட்டத்தில் முறையிட்டது.

"கவலை வேண்டாம், தோழர்!" என்றது கோட்பாட்டுச் செயலாளரான கிளி. "இனிச் சட்டத்தின் ஆட்சி. அதிகாரத்தைக் கூண்டில் அடைக்கப்போகிறோம்!"

அப்படியே மூங்கில் கூண்டு ஒன்று எழுந்தது. கரடி சிரித்தபடி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, சாவியைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டது.

"தோழர், சாவி..." என்று இழுத்தது அணில்.

"கட்சியைக் கட்டுப்படுத்துவது சட்டம். சட்டத்தை வழிநடத்துவது கட்சி. கட்சியை வழிநடத்துவது தலைவர். சாவியை வேறு யாரிடம் கொடுப்பதாம்? உங்களிடமா?" என்றது கிளி.

"அப்படியானால் தலைவரை அடக்குவது?"

"கூண்டு!"

"கூண்டைத் திறப்பது?"

"தலைவர்! பார்த்தீர்களா, எங்கேயும் இடைவெளியே இல்லாத கோட்பாடு!"

அணிலுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் எல்லாரும் கைதட்டியதால் அதுவும் தட்டியது. வீட்டுக்குப் போய்க் குட்டிகளிடம், "இனிப் பயமில்லை" என்றது.

மறுவாரம் மரத்தில் ஒரு பழம்கூட இல்லை. கூண்டுக்குள்ளே பலாத் தோல் குவிந்து கிடந்தது.

"தலைவர்தான் தின்றிருக்கிறார்!" என்று அணில் கத்தியது.

"தலைவர் எங்கே இருக்கிறார், தோழர்?" என்று கனிவாகக் கேட்டது கிளி.

"கூண்டில்."

"கூண்டு பூட்டியிருக்கிறதா?"

"பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் சாவி..."

"பூட்டிய கூண்டில் இருப்பவர் எப்படித் திருடுவார்? சட்டத்தில் ஓட்டை என்கிறீர்களா? சட்டத்தில் ஓட்டை கிடையாது. ஆகவே திருடியவர் வெளியே இருப்பவர். சரி, அந்த மரத்தில் குடியிருப்பது யார்?"

அணில் சுற்றிலும் பார்த்தது. எல்லா விலங்குகளும் அதையே பார்த்தன.

அன்று மாலைக் கூட்டத்தில், பழங்களைத் தானே திருடியதாக அணில் சுயவிமர்சனம் செய்துகொண்டது. தலைவர் பெருந்தன்மையோடு கைதட்டினார். பலாப்பிசின் ஒட்டியிருந்ததால், முதல் தட்டுக்குப் பிறகு கைகள் பிரியவில்லை.

நீதி: உள்ளே இருப்பவரிடமே சாவி இருந்தால், அதற்குப் பெயர் கூண்டல்ல, வீடு.