தண்ணீரை நிறுத்திய பிறகு

இந்தக் கதையில் சீடருக்குத்தான் தலை நரைத்திருந்தது. டாக்டர் அறவாழி மண்டை ஓட்டைத் திறந்து ஆபரேஷன் செய்வதில் பழம் தின்று கொட்டை போட்டவர். சின்னத் துளை வழியாக கேமராவை விட்டுச் செய்யும் வேலை மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள, தன்னைவிட வயதில் மிகவும் இளையவரான டாக்டர் இவாஞ்சலினிடம் வந்து சேர்ந்திருந்தார். பாளையங்கோட்டையில் அப்படி ஒருவர் இறங்கி வருவதே பெரிய விஷயம்.

மேசையில் நான்கு வயது தங்கரதி. மூளைக்குள் நீர் கோத்துத் தலை பெருத்துப்போன பிள்ளை. நீரை வயிற்றுக்கு இறக்க வைத்த டியூப் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. மூளையின் அடித்தளத்தில் இருக்கும் சவ்வில் ஒரு துளை போட்டுவிட்டால் நீர் தானாக வடியும், டியூப் வேண்டாம். ஆனால் சவ்வுக்குக் கீழே பேஸிலர் என்ற பெரிய தமனி இருக்கிறது. அது கிழிந்தால் பிள்ளை மேசையிலேயே போய்விடும்.

பெரும்பாலும் அந்தச் சவ்வு மெலிந்திருக்கும், அடியில் உள்ள தமனி தெரியும். தங்கரதிக்குத் தடித்து வெளுத்திருந்தது. திரையில் பாலாடை மாதிரி ஒரு வெண்மை, அவ்வளவுதான்.

அறவாழி மழுங்கிய கம்பியைச் சவ்வின் நடுவில் வைத்தார்.

"சரியா நடுவுல இருக்கேன் மேடம். குத்திடவா?"

"பேஸிலர் எங்க சார்?"

"தெரியலை. நடுவுலதான போறேன்?"

"எங்க இருக்குன்னு கேட்டேன்."

அறவாழிக்குச் சுருக்கென்றது. "கண்ணுக்கே தெரியாததை எப்படிக் கண்டுபிடிக்கிறது மேடம்?"

இவாஞ்சலின் நர்ஸிடம் திரும்பி, "தண்ணியை நிறுத்துங்க," என்றார்.

கேமராவின் பார்வை மங்காமலிருக்க வெதுவெதுப்பான நீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த வேண்டும் என்று அறவாழிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"அழுத்தாதீங்க சார். சும்மா பிடிச்சிருங்க."

நீரோட்டம் அடங்கியது. மிதந்த தூசிகள் மெல்லக் கீழே படிந்தன. அப்போது கம்பியின் நுனி லேசாக எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது. பக்கத்தில் மானிட்டர் பிள்ளையின் நாடிக்குக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கீச்சுக்கும் நுனி ஒரு தடவை எழும்பியது.

அறவாழி தமனியின் மேலேயே கம்பியை ஊன்றிக்கொண்டு, குத்திடவா என்று கேட்டிருக்கிறார்.

"மெதுவா வெளிய வாங்க," என்றார் இவாஞ்சலின்.

வந்தார். "கொஞ்சம் முன்னால தள்ளிப் பாக்கலாமா?" என்றார்.

"வேண்டாம். அங்கயும் ஒண்ணும் தெரியலை. டியூப்பே வைப்போம்."

"மேடம், இனி டியூப்பே கிடையாதுன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

இவாஞ்சலின் அவரைப் பார்த்தார். "அப்ப நீங்களே போய்ச் சொல்லிருங்க."

வராந்தாவில் தாய் பேச்சி எழுந்து ஓடிவந்தாள். "டியூபு இல்லல்லா சார்?"

"டியூப்தாம்மா வச்சிருக்கோம்."

"நீங்கதான வேண்டாம்னு சொன்னிய?"

"நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

அவள் சுவரில் சாய்ந்தாள். "பிள்ள முழிச்சிருவால்லா?" என்று கேட்டாள்.

"முழிச்சிருவா."

அதைச் சொல்லும்போது அறவாழி, இதே வராந்தாவில் இதே பெண்ணிடம் வேறு என்ன சொல்ல வேண்டி வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டார்.

திரும்பி வந்தபோது இவாஞ்சலின் கை கழுவிக்கொண்டிருந்தார். அறவாழி பக்கத்துக் குழாயைத் திறந்தார். கையை நீட்டவில்லை.

"மேடம், அந்த நுனி துடிக்காம இருந்திருந்தா குத்தியிருக்கலாமா?"

"துடிக்கலைன்னாலும் பேஸிலர் அங்க எங்கயோதான சார் இருக்கும்? எங்கன்னு தெரியாமக் குத்தக் கூடாது."

அறவாழி குழாயை மூடினார்.