ஆற்று வளைவில் கூப்பிடும் குரல்

தாண்டவ அடிகள் சஃபாரிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னபோது மடத்தில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாமியாருக்குப் புலி பார்க்கும் ஆசை வந்துவிட்டதாம்! மருதவாணன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அடிகள் சொன்ன பதிலே அதுதான்.

அவன் கேட்டது இது: "என் தம்பி இருக்கானா, செத்துட்டானா?"

தம்பி பூபாலன் அந்த சஃபாரி நடக்கும் காட்டுப் பூங்காவின் ஆற்றில் குளிக்க இறங்கியவன். கரையில் சட்டை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. முதலை இருக்கும் ஆறு. ஊரே முடிவுகட்டிவிட்டது. மருதவாணன்தான் கருமாதி செய்ய விடவில்லை. கடையைப் பூட்டினான். மகள் வயதுக்கு வந்த சேதிகூட ஒரு வாரம் கழித்துத்தான் அவன் மண்டையில் ஏறியது. வீட்டை விட்டுவிட்டு மடத்தில் வந்து கிடந்தான். இனி அக்கரைக்கே போய்த் தேடப்போவதாகவும் சொல்லிவிட்டான்.

அடிகளுக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஆனாலும் அவர் அதட்டியிருந்தால் கேட்டிருப்பான். அடிகள் அதட்டவில்லை.

"முதல்ல ஜீப்புல போய் ஆத்தைப் பாப்போம்" என்றார்.

வெயில் சாயும் நேரத்தில் கிளம்பினார்கள். மான்கள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. மருதவாணன் எதையும் பார்க்கவில்லை. ஆறு எப்போது வரும் என்றே இருந்தான்.

ஆறு வளையும் இடத்துக்கு முன்னால் ஒரு சரிவு. அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போவது ஓட்டுநர்களின் வழக்கம். ஓட்டுநர் மாதனும் சாவியைத் திருப்பினான்.

"ஒண்ணு சொல்லிடறேனுங்க, சாமி. இங்க அக்கரையிலருந்து கூப்பிடற மாதிரி கேக்கும். அவங்கவங்க யாரைப் பறிகொடுத்தாங்களோ அவங்க குரலாத்தான் கேக்கும். 'வர்றேன்'னு மட்டும் பதில் சொல்லிறாதீங்க."

"சொன்னா?"

"சொன்னவங்களுக்கு அப்புறம் வீட்டுல இருப்புக் கொள்ளாதுங்க. திரும்பி வந்து ஆத்துல இறங்கிருவாங்க."

ஜீப் சத்தமில்லாமல் உருண்டு கரையோரம் நின்றது. அதுவரை கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரேயடியாக அடங்கின.

அக்கரை நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. காசு வேண்டுமென்றால் பூபாலன் கடைவாசலில் நின்று இழுப்பானே, அதே இழுப்பு.

"அண்ணேய்..."

"வர்றேன்டா!" என்று கத்திவிட்டான் மருதவாணன்.

மாதன் தலையில் கைவைத்தான். "அய்யோ, சொல்லிப்புட்டீங்களே! அது உங்க தம்பி இல்லீங்க. எனக்கு எங்கம்மா குரலுங்க. சோறு ஆறுது, வாடான்னு கூப்பிட்டுச்சு. அது செத்து எத்தனையோ வருசமாச்சு."

மணல்திட்டில் கிடந்த முதலை ஒன்று அசைந்து தண்ணீருக்குள் நழுவியது. அலைகூட எழவில்லை.

மருதவாணன் அதையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே ஒரு காலை ஜீப்பின் படியில் இறக்கினான். அடிகள் தடுப்பார் என்று நினைத்தான். யாரும் கையைப் பிடிக்கவில்லை. பயமும் கோபமுமாகத் திரும்பினான்.

அடிகள் அழுதுகொண்டிருந்தார்.

அவன் திகைத்துப்போனான். பெற்றவர், உடன்பிறந்தவர் என்று ஒருவரும் இல்லாத மனிதர் அவர். பறிகொடுக்க அவருக்கு யார் இருக்கிறார்கள்?

"உங்களுக்கும் கேட்டுச்சா, சாமி?"

"கேட்டுச்சு."

"யார் குரல்?"

"உன் குரல்."

படியில் இருந்த கால் அங்கேயே நின்றது. "நான் இங்கதானே சாமி இருக்கேன்?"

அடிகள் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் தம்பி போன நாள்லருந்து எனக்கு அந்தக் குரல் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. இன்னைக்குக் கொஞ்சம் கிட்டக் கேட்டுச்சு."