கோகிலவாணியின் சீடன்

ஞானம் அடைந்தவர்கள் குறைவாகப் பேசுவார்கள் என்றொரு நம்பிக்கை நாட்டில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. இது பிழை. இந்தப் பிழையால் பல குடும்பங்களில் உம்மணாமூஞ்சிகள் மகான்களாகக் கருதப்பட்டிருக்கிறார்கள். விளைந்த சேதம் கொஞ்சமல்ல.

மாயனூரில் காவிரிக் கரையோரம் ஒரு சிறிய மடத்தில் வசித்த அங்கயற்கண்ணியை எடுத்துக்கொள்ளலாம். அவர் ஓயாமல் பேசுவார். கத்தரிக்காயில் புழு வைப்பது பற்றி, குளித்தலை பஸ் நேரத்துக்கு வராதது பற்றி, தம் இடது முழங்கால் பற்றி. கேட்க வந்த கேள்வியை மறந்துவிட்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் தெளிவு பெற்றதாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

அவருக்கு முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். அவர் எல்லோரையும் அக்கா, அண்ணா என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரூரிலிருந்து கோகிலவாணி வந்தார்.

“என் குரலை எடுத்துக்கிட்டாங்க அம்மா,” என்றார்.

கோகிலவாணி நாற்பதுகளின் நடுவில் இருந்தார். கரூரின் தேன்கூடு பண்பலையில் காலை நிகழ்ச்சி அவருடையது. பஸ் பாடி கட்டும் பட்டறைகளிலும் கொசுவலை தைக்கும் கம்பெனிகளிலும் முதல் டீயும் அவர் குரலும் ஒன்றாகத்தான் வரும். பெற்றோர் முன்யோசனையோடு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நேயர்கள் வியப்பதுண்டு. அதுவும் பிழை. அது அத்தையின் பெயர். அத்தைக்குக் கட்டைக் குரல்.

விஷயம் இதுதான். நிலையத்தின் உரிமையாளர் கார்மேகம் ஒரு செயற்கை அறிவிப்பாளரை வாங்கியிருந்தார். அது கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கோகிலவாணி இத்தனை வருடமாகப் பேசிய ஒலிப்பதிவுகளையெல்லாம் அதற்கு ஊட்டியிருந்தார்கள். அது அவர் குரலிலேயே பேசியது. நேயர் போன் செய்தால் பதிலும் சொன்னது. லீவு கேட்காது, போனஸ் கேட்காது, மழைக்காலத்தில் அதற்குத் தொண்டை கட்டாது.

வரும் வாரம் பரீட்சை. திங்கள், புதன், வெள்ளி கோகிலவாணி பேசுவார். செவ்வாயும் வியாழனும் அது பேசும். நேயர்களுக்கு எதுவும் சொல்லப்படாது. வெள்ளி மாலை கார்மேகம் முடிவு செய்வார். கோகிலவாணி தோற்றால் வேலை போய்விடும். அது தோற்றால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

“எனக்கு வேற வேலை தெரியாதுங்க அம்மா. எப்படி ஜெயிக்கிறது?”

அங்கயற்கண்ணி கொஞ்ச நேரம் பொதுவாகக் கம்ப்யூட்டர்களைப் பற்றியும், பிறகு மின்வெட்டைப் பற்றியும் பேசினார். அப்புறம் தமக்கு ஒரு ஆசை என்றார். தாம் போன் செய்வதாகவும், கோகிலவாணி நிலையத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் தானாக ஒரு படி ஏறியது.

“வணக்கம் வணக்கம், தேன்கூடு பண்பலை. யாருங்க பேசறது?”

“அங்கயற்கண்ணிங்க. மாயனூர்.”

“சூப்பருங்க. சாப்பிட்டாச்சா?”

“இல்லைங்க. முழங்கால் வலி. அடுப்புக்கிட்ட நிக்க முடியலை.”

“சூப்பர் சூப்பர். என்ன பாட்டு வேணும், யாருக்கு டெடிகேட் பண்றீங்க?”

அங்கயற்கண்ணி பாட்டு எதுவும் கேட்கவில்லை.

கோகிலவாணி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒலிபரப்பில் புழங்குகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. காலை நேரத்தில் ஒரு போனுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். பின்னால் நகைக்கடை விளம்பரம் காத்துக்கொண்டிருக்கும். எல்லோரும் சாப்பிட்டாச்சு என்றே சொல்வதால் பதிலைக் கேட்கிற பழக்கம் முதலில் குறையும், பிறகு போய்விடும். அது போனது யாருக்கும் தெரியாது. இழந்தவருக்கும்தான்.

“மோர் குடிக்கிறீங்களாக்கா?” என்றார் அங்கயற்கண்ணி.

திங்கட்கிழமை கோகிலவாணி சூப்பரை விட்டார். வெங்கமேட்டிலிருந்து ஒருவர், குழந்தைக்குக் காய்ச்சல் என்றார். “அச்சச்சோ, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று கோகிலவாணி கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பொறியாளர் இருதயராஜ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று மதியம் இருதயராஜ் அந்த நிகழ்ச்சியையும் எந்திரத்துக்கு ஊட்டினார். அது அவர் வேலை.

செவ்வாய்க்கிழமை எந்திரம் நாலு பேரிடம் அச்சச்சோ சொன்னது. நாலும் சரியான இடத்தில்.

அந்த நேரத்தில் கோகிலவாணி ஈஸ்வரன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். பரீட்சையைப் பற்றி வீட்டில் சொல்லாததால், வழக்கம்போல வேலைக்குக் கிளம்பி வந்திருந்தார். குளித்தலையிலிருந்து தங்கை போன் செய்தாள். இன்றைக்கு நிகழ்ச்சி ரொம்ப நன்றாக இருந்ததாம். முக்கியமாக, அக்காவின் குரலில் ஒரு பாசம் தெரிந்ததாம்.

கோகிலவாணி நன்றி சொன்னார்.

அன்றிரவு அவர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மனிதர்கள் தப்புச் செய்வார்கள். எந்திரம் செய்யாது. ஆகவே தப்புச் செய்ய வேண்டும்.

புதன்கிழமை இருமினார். வாக்கியத்தின் நடுவில் சிரித்தார். நகைக்கடையின் பெயரை ஜவுளிக்கடைக்குச் சூட்டிவிட்டு, காலையில் இன்னும் காபி குடிக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். நேயர்கள் ரசித்தார்கள்.

வியாழக்கிழமை எந்திரம் இருமியது. வாக்கியத்தின் நடுவில் சிரித்தது. ஜவுளிக்கடையின் பெயரை நகைக்கடைக்குச் சூட்டிவிட்டு, தான் காலையில் காபி குடிக்கவில்லை என்றது. அன்றைக்கு அது சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

கோகிலவாணி மண்டபத்தில் உட்கார்ந்து காதில் ஒயர் மாட்டி இதையெல்லாம் கேட்டார். பிறகு இருதயராஜுக்குப் போன் செய்தார். இருதயராஜ் நல்ல மனிதர், ஆறுதல் சொல்லத் தெரியாதவர்.

“நீங்க நல்லாச் செஞ்சா அதுவும் நல்லாச் செய்யும் கோகிலா,” என்றார். “நீங்கதானே அதுக்கு வாத்தியார்.”

இப்படியாக, குருவைத் தேடிப் போனவருக்கே ஒரு சீடன் வாய்த்திருந்தது. அப்படியொரு சீடன் கிடைப்பது அபூர்வம். தூங்காது. எதிர்த்துக் கேட்காது. ஒருமுறை சொன்னதை மறக்காது. பதிலுக்கு அதற்குக் குருவின் வேலை மட்டும் போதும்.

கோகிலவாணி மாயனூர் பஸ்ஸைப் பிடித்தார்.

அங்கயற்கண்ணி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கோகிலவாணி செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

“எதைச் செஞ்சாலும் மறுநாள் அதுவும் செய்யுது. அதால செய்ய முடியாதது ஒண்ணு சொல்லுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு.”

அங்கயற்கண்ணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

கீரையை உருவினார்.

கோகிலவாணி காத்திருந்தார். அவருக்குக் காத்திருந்து பழக்கமில்லை. சீக்கிரமே பேசத் தொடங்கினார். வெயில் அதிகம் என்றார். ஆற்றுக் கதவணையில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றார். பஸ்ஸில் நிற்க இடமில்லை, ஆனால் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார், எவ்வளவு நல்ல மனசு என்றார். எல்லாம் காலை நிகழ்ச்சிக் குரலில். நடுவில் ஒருமுறை நேரம்கூடச் சொன்னார்.

அங்கயற்கண்ணி கீரையை உருவினார்.

வாக்கியங்கள் சிறுத்தன. முருங்கைக்கீரை உடம்புக்கு நல்லது என்றார் கோகிலவாணி. அதற்குப் பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அது நின்றது. மறுபடி கேட்டது.

“பயமா இருக்குங்க,” என்றார் கோகிலவாணி.

கரூரில் எந்த ரேடியோவிலும் கேட்டிராத குரல் அது. கொஞ்சம் கட்டைக் குரல்.

அங்கயற்கண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

“மூணே கால் பஸ் வந்துருமேக்கா,” என்று எழுந்தார். “நேத்து அது வரவே இல்லை தெரியுமா.”

பஸ் நிறுத்தம் வரை அவர் அந்தப் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது கோகிலவாணிக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை அவர் மைக் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருதயராஜின் அருகில், கார்மேகம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் அந்த நேரத்தில் எழுந்திருக்கவே மாட்டார்.

முதல் மூன்று போன்களும் ஒழுங்காகப் போயின. மிகவும் ஒழுங்காக. எந்திரம் பேசியிருந்தாலும் அப்படித்தான் போயிருக்கும் என்று கோகிலவாணிக்கே தோன்றியது.

நாலாவதாகத் தவமணி என்றொரு பெண் வந்தாள். கொசுவலை கம்பெனியில் தையல் என்றாள். ஒரு பாட்டு கேட்டாள்.

“எப்படி இருக்கீங்க தவமணி?”

“நல்லாத்தான் இருக்கேன்க்கா.”

சொல்லிவிட்டு அவள் ஒரு சிறு மூச்சு விட்டாள்.

யாருக்கு டெடிகேட் என்ற கேள்வி கோகிலவாணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். வானொலி நிலையத்தில் மௌனத்தைப் போன்ற குற்றம் வேறில்லை. அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. தேன்கூட்டில் பத்து நொடி சத்தமில்லாமல் போனால், அறிவிப்பாளர் மயங்கி விழுந்துவிட்டார் என்று அந்தக் கருவி முடிவு செய்யும். உடனே ஒரு பிள்ளையார் பாட்டைத் தானாகப் போட்டுவிடும்.

போனில் பஸ்களின் இரைச்சல் மெல்லியதாகக் கேட்டது. அது கருவிக்குப் போதாது.

கார்மேகம் எழுந்து நின்று, பேசு பேசு என்று கையை ஆட்டினார். இருதயராஜ் கருவியின் எண்களைப் பார்த்தார். கோகிலவாணி இருவரையும் பார்க்கவில்லை.

“வேலையை விட்டு நிறுத்திட்டாங்கக்கா,” என்றாள் தவமணி. “திங்கக்கிழமையே. புது மெஷின் வந்துருச்சு. வீட்ல சொல்லலை. தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்துக்கறேன்.”

அச்சச்சோ கைவசம் இருந்தது. கோகிலவாணி அதை எடுக்கவில்லை.

“நான் இந்த வாரம் ரெண்டு நாள் கோயில் மண்டபத்துல உக்காந்திருந்தேங்க,” என்றார். “நானும் வீட்ல சொல்லலை.”

நேற்று மாயனூரில் கேட்ட அதே குரல்.

பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் அவசரமில்லாதது போல் இருந்தது.

கரூர் முழுவதும் பிள்ளையார் பாட்டு முழங்கியது.

அதற்குப் பிறகு வந்த போன்களில் யாரும் பாட்டு கேட்கவில்லை. அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார்கள். இரண்டு பேர், தங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, பெயர் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். சில போன்களைக் கார்மேகமே எடுக்க வேண்டியிருந்தது.  கேட்டுக்கொண்டார்.

மாலையில் அவர் இருதயராஜைக் கூப்பிட்டார். கோகிலவாணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“காலைல இந்தம்மா செஞ்சதை அதுக்கு ஊட்டியாச்சா?”

“மத்தியானமே ஊட்டிட்டேனுங்க.”

“அது அந்த மாதிரி சும்மா இருக்குமா?”

“தாராளமா இருக்கும். ஒன்பது நொடி இருன்னு வெச்சா ஒன்பது நொடி இருக்கும்.”

“அதுக்குள்ள அந்தப் புள்ள பேசலைன்னா?”

“ஒன்பது நொடி ஆனதும் அது பேசும்ங்க.”

கார்மேகம் எழுந்து வெளியே போய், பெஞ்சில் இருந்த கோகிலவாணியிடம் திங்கட்கிழமையிலிருந்து தினமும் வரச் சொன்னார். 

திங்கட்கிழமை காலை, கோகிலவாணி நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள், இருதயராஜ் பிள்ளையார் பாட்டுக் கருவியின் கெடுவைப் பத்து நொடியிலிருந்து நாற்பதாக மாற்றி வைத்திருந்தார்.