கணுக்கால் கட்டு

விழாக்குழுத் தலைவர் சங்கரபாண்டியனின் மகன் துரைராஜ் கபடியில் ரெய்டு வந்தபோது, உப்பளத்து அணியின் மாசானம் அவன் இடது கணுக்காலைப் பிடித்து மடக்கிவிட்டான். அந்தப் பாயின்டோடு தோல்வி என்று தெரிந்ததும் துரைராஜ் முகத்தை மூடிக்கொண்டு, கால் போச்சே என்று அலறினான்.

தலைவர் களத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"எம்மவன் காலை வேணும்னே முறிச்சிட்டியேலே. இப்பவே நடக்க வை. இல்லேன்னா உங்க டீமே வெளிய."

மாசானம் காலைத் தொட்டுப் பார்த்தான். வீக்கம் துளியும் இல்லை.

"டேப் போட்டுப் பாக்கேன் அய்யா" என்று குனிந்தவன், ஐஸ் ஒத்தி, பாதத்திலிருந்து கணுக்கால் வரை இறுக்கிச் சுற்றினான்.

துரைராஜைத் தூக்கி நிறுத்தினார்கள். டேப் போட்ட காலை ஊன்ற முடியாமல் அவன் நொண்டினான்.

"அந்தக் கால் ரொம்ப வலிக்கா, அண்ணாச்சி?" என்று மாசானம் கேட்டான்.

"உயிரே போகுதுலே."

"நான் பிடிச்சது இடது கால். டேப் போட்டிருக்கது வலது காலுல்லா."

தலைவர் மகனின் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தக் காலை நொண்டுவது என்று தெரியாத துரைராஜ், இரண்டையும் ஊன்றி நேராக நின்றான்.